கணேசமூர்த்தி மாமாவின் சாமி லொறி

என் அக்கா புருஷன் கணேசமூர்த்தியை யாராவது நல்லவிதமாகப் பேசினால் எனக்கு வயிறு எரியும். அப்படிப் பேசுகிறவர்களுக்குக் குறைவும் இல்லை. பூண்டுலோயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் வந்து நின்று 'சாமி லொறிக்காரர் வீடு எது?' என்று கேட்டால் பிள்ளை மடுவத்துக் குழந்தைகூடக் கை காட்டும். அந்தப் பிள்ளை மடுவத்தை நடத்துகிறவள் நான். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூக்கொழுகுகிற பிள்ளைகளோடு பகல் முழுக்கப் பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அதில் ஒன்றுக்கும் மாமாவைவிட அறிவு குறைவில்லை.

ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருப்பார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தில் உத்திராட்சம். ஒரு காலத்தில் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவர். பிறகு டிரைவர் ஆனார். பக்கத்துத் தோட்டத்தில் பழைய ஃபோர் வீல் லொறி ஒன்றை ஏலம் விட்டபோது, அதை வாங்காவிட்டால் உயிர் போய்விடும் என்று வீட்டில் படுத்துக்கொண்டார். அக்காவின் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் லொறியானது. அக்கா அழகம்மா அதற்கு முன்பும் கொழுந்துதான் பறித்தாள், அதற்குப் பிறகும் கொழுந்துதான் பறித்தாள். ஆனால் லொறிக்காரர் பெண்டாட்டி என்று பெயர் மட்டும் வந்தது.

லொறியால் ஊருக்கு உதவி இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் டிவிசனுக்கு வருகிற பாதை பாதை அல்ல. மழைக்கு அரித்து, கல் துருத்திக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நடுவில் ஓர் ஓடைக்கு இறங்கி மறுபடி செங்குத்தாக ஏறும். ஆட்டோக்காரர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். காய்ச்சல்காரரும், பிள்ளைத்தாய்ச்சியும், கோதுமை மாவு மூட்டையும் எல்லாம் மாமாவின் லொறியில்தான் ஏறி இறங்க வேண்டும். இந்த ஓர் உதவிக்காகத்தான் அவரை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டோம்.

அந்த ஓடையின் மதகுப் பக்கத்தில் முனியாண்டி கல் இருக்கிறது. எந்த வண்டியானாலும் அங்கே நிறுத்தி, இறங்கி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெள்ளைக்காரத் துரையின் காரே நின்று போனதாகக் கதை சொல்வார்கள். நானும் கும்பிடுகிறவள்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை எங்கே வந்தது என்றால், சித்திரைத் திருவிழாவில். கீழ் டிவிசனில் கரகம் பாலித்து, அம்மனை ஜோடித்து, மாமாவின் லொறியில் ஏற்றி மேலே எங்கள் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு வருஷம் அப்படி வரும்போது, கல்லுக்கு நேரே நிறுத்திச் சூடம் காட்டிவிட்டு லொறியை எடுத்தார். எடுத்ததும் அது கடகடவென்று குலுங்கியது. அம்மன் தலையில் இருந்த பூமாலை ஆடியது, கட்டியிருந்த வேப்பிலை ஆடியது, மணி தானாக அடித்தது. கொஞ்ச தூரம் ஏறியதும் குலுக்கல் நின்றுவிட்டது. போதாதா? "ஆத்தா லொறியில எறங்கிட்டாடா!" என்று பூசாரி கத்தினார். மேளக்காரர்கள் அடித்த அடியில் மலை அதிர்ந்தது. சேற்றில் விழுந்து கும்பிட்டவர்களில் தோட்டத்துத் தலைவரும் ஒருவர். அன்றைக்குக் கோயிலில் மாமாவுக்கு முதல் விபூதி கொடுத்து, தலையில் பரிவட்டம் கட்டினார்கள்.

அதோடு மனுஷன் மாறிப்போனார். தாடி வளர்த்தார். லொறி ஓட்டும்போது செருப்பைக் கழற்றினார். செவ்வாயும் வெள்ளியும் மீன் சமைக்கக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார். மற்ற நாட்களில் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார். யாராவது வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கையை மட்டும் உயர்த்தினார்.

டவுனில் கராஜ் வைத்திருக்கிற விஜிதரன் ஒருநாள் லொறிக்கு எண்ணெய் மாற்ற வந்தபோது அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். அப்போது நானும் அக்காவும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணே, சாப்ட்டு குரோஸ் தேஞ்சிருச்சு. கையால ஆட்டுனாலே ஆடுது. வண்டி குலுங்கலையா?"

கியர் பெட்டியிலிருந்து பின் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, இழுவையைக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டைத்தான் சாப்ட்டு என்கிறான். அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒரு மூட்டு இருக்கும், அதற்குப் பெயர் குரோஸ். அது தேய்ந்தால், ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு வண்டியை எடுக்கும்போது உதறும். ஓட்டம் பிடித்துவிட்டால் அடங்கிவிடும். எங்கள் பாதையில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் வண்டி நிற்பது ஒரே ஓர் இடத்தில்தான், முனியாண்டி கல்லில். நின்று சூடம் காட்டுவதால்தான் குலுங்குகிறது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மாமாவுக்கும் விளங்கியது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

"ஒங்க வேல எண்ணெ மாத்துறது. அத மட்டும் பாருங்க தம்பி," என்றார்.

விஜிதரனும் பெரிய வீரன் இல்லை. "எனக்கென்னண்ணே," என்று சொல்லிவிட்டு மிச்ச எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்காதான் விடவில்லை. அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால், சாப்பாடு போடும்போது, கோப்பையைக் கழுவும்போது, விளக்கு வைக்கும்போது, அதையே சொல்வாள். "என்னங்க, நோயாளிங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. நடுவழியில சாப்ட்டு வுட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" அந்த லொறியின் ஹேண்ட் பிரேக்கும் அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறதாம், மூட்டு முறிந்தால் அதுவும் நிற்காதாம் என்று விஜிதரன் போகும்போது அவளிடம் சொல்லியிருந்தான். கடைசியில் தொல்லை தாங்காமல் மாமா புதுக் குரோஸ் போட்டார். கழற்றிய பழையதை எறியாமல் துணியில் சுற்றி லொறி டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொண்டார். அதை எறியாதபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த திருவிழாவில் லொறி வெண்ணெய் மாதிரி ஏறியது. கல்லில் நின்றது, சூடம் காட்டியதும் புறப்பட்டது, அவ்வளவுதான். ஒரு வேப்பிலைகூட ஆடவில்லை. மேளக்காரர்கள் அடிக்கத் தயாராகத் தூக்கிய குச்சியை இறக்கிவிட்டார்கள்.

"அம்மா கோவிச்சுக்கிட்டா," என்றார் பூசாரி. பிறகு மாமாவைப் பார்த்து, "வீட்டுல தீட்டு கீட்டு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஓர் ஆம்பிளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? புதுக் குரோஸ் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "பொம்பளைங்க பொழங்குற வீடுங்க. என்னத்தச் சொல்றது?" என்றார். அத்தனை பேரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அதெல்லாம் நின்று எத்தனையோ காலமாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் கடைசிக்குப் போய் நின்றாள். அந்த வருஷம் பரிவட்டம் ஒரு பழைய கங்காணியின் தலைக்குப் போனது. மாமா சாமி கும்பிடாமல் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழா முடிந்ததும் லொறியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். திரும்பி வரும்போது கல்லடியில் லொறி குலுங்கியதாக டிவிசன் முழுக்கச் செய்தி பரவியது. "தீட்டுக் கழிச்சேன். அம்மா மனசெறங்கிட்டா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சட்டையில் இருந்த கிரீஸ் கறையைத் துவைத்தவள் அக்கா. விஜிதரனைக் கேட்டேன். "பழசத் திருப்பி மாட்டச் சொன்னாருக்கா. வண்டி அவருது, நான் என்ன செய்ய?" என்றான். நல்ல இரும்பைக் கழற்றிவிட்டுத் தேய்ந்த இரும்பை மாட்டச் சொல்ல ஒருவன், மாட்டிக் கொடுக்க இன்னொருவன். இரண்டு பேரையும் நிற்கவைத்து ஈக்குமாற்றால் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த வெயில் காலத்தில், பங்குனி பிறக்கும் முன்னால், குளவி கலைந்தது.

நாலாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். சவுக்கு மரத்துக் கூட்டைக் கழுகு தட்டியதோ காற்று தட்டியதோ, மேலேயிருந்து கொட்டிவிட்டது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முழங்கால் வலிக்காரி அக்காவால் ஓட முடியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டாள். குளவி அடங்கியபின் தூக்கப் போனவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் சேலையைப் பார்த்துத்தான் பெயர் சொன்னார்களாம். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலேயே அவளைக் கிடத்திப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் சில பெண்கள் கொட்டு வாங்கி முனகிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வாகனம் எங்கோ போயிருந்தது. மாமாதான் லொறியைக் கொண்டுவந்தார்.

நான் பிள்ளைகளை மடுவத்தில் உதவிக்கு இருந்த ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்து பின்னால் ஏறினேன். அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டும், மூச்சு அடைப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு ஒரு நினைப்பும் இல்லை.

ஓடைக்கு இறங்கும்போதே முன்னால் தட்டிக் கத்தினேன். "மாமா, நிக்காதீங்க! இறங்குற வேகத்துலயே ஏத்துங்க!"

வேகத்தோடு போயிருந்தால் ஏறியிருக்கும். விஜிதரன் பிறகு சொன்னான், சத்தியமாக ஏறியிருக்கும் என்று. லொறி மதகைத் தாண்டியது. கல் வந்தது. மாமா பிரேக்கைப் போட்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்தார்.

கட்டின பெண்டாட்டி பின்னால் மூச்சுக்குத் தவிக்கிறாள், இந்த மனுஷன் தீப்பெட்டி நமுத்துப்போய்விட்டதென்று மறுபடி மறுபடி உரசிக்கொண்டிருந்தார். நான் அவருடைய பெற்றோரையும் சேர்த்துத் திட்டினேன். "சூடங் காட்டாம போனா வழியில ஏதாச்சும் ஆயிருமடி!" என்று அவர் என்னிடமே கோபப்பட்டார்.

ஏறி உட்கார்ந்து லொறியை எடுத்தார். அது குலுங்கியது. முன்பு எப்போதும் இல்லாத குலுக்கல். அக்காவின் தலை என் மடியில் எகிறியது. பாதையோரம் மருந்தடிக்கிற வேலையில் நின்ற ஆட்கள் பீப்பாயை இறக்கி வைத்துவிட்டு, கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் "தாயே!" என்று விழுந்தே விட்டான். அப்போது அடியில் வெடிவைத்த மாதிரி ஒரு சத்தம். குலுக்கல் நின்றது. தண்டு பாதையில் விழுந்து உருண்டது. லொறி பின்னால் போகத் தொடங்கியது. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், அது சும்மா வந்தது. காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு அலறினார்.

"கல்லு வைங்கடா! சில்லுக்குக் கல்லு வைங்க!"

அவர்கள் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமியில்லடா! சாமி கெடையாதுடா! குரோஸ் ஒடஞ்சிருச்சு! தேஞ்ச குரோஸ்டா அது!"

வாழ்க்கையில் அந்த மனுஷன் வாயிலிருந்து நான் கேட்ட உண்மை அது ஒன்றுதான். ஓடி வந்து கல் வைத்தார்கள். நான் விஜிதரனுக்குப் போன் அடித்தேன். நல்லவேளை கல்லடியில் சிக்னல் கிடைத்தது. "பின்னால மிச்சம் தொங்குற துண்டக் கழட்டிப் போட்ருங்க. முன் சில்லுக்கு வேற சாப்ட்டு இருக்குக்கா. சின்ன லிவரப் போட்டா முன் சில்லே இழுக்கும். பின்னால ஆளுங்களத் தள்ளச் சொல்லுங்க," என்றான். மாமாவுக்கு அந்தச் சின்ன லிவர் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. ஃபோர் வீல் லொறி, ஃபோர் வீல் லொறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர். கும்பிட்ட கைகளே பின்னால் தள்ளின. லொறி நண்டு மாதிரி ஊர்ந்து மேலே ஏறியது.

அக்கா பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் கண் திறக்க நாள் பிடித்தது. திறந்ததும் நடந்ததையெல்லாம் நான் ஒன்று விடாமல் சொன்னேன். சூடத்தையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மாமா பழத்தோடு வந்து நின்றபோது, "புது சாப்ட்டு போடுங்க. இனிமே அந்த எடத்துல வண்டி குலுங்குனா நான் எறங்கிருவேன்," என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

அவர் புதிதாகப் போட்டார்தான். ஆனால் விழுந்த பழைய தண்டை என்ன செய்தார் தெரியுமா? அக்காவின் உயிருக்குப் பதிலாக அம்மன் இரும்பை எடுத்துக்கொண்டாள் என்று கதை கட்டி, அதை முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் நட்டு, மஞ்சள் துணி சுற்றிப் பொட்டு வைத்தார். "சாமியில்லடா" என்று அவர் கத்தியதைக் காதால் கேட்டவர்களே முதல் மாலையைப் போட்டார்கள். இவர்களை என்ன சொல்வது? ஏமாற்றுகிறவனைவிட ஏமாறுவதற்கு வரிசையில் நிற்கிறவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது.

சித்திரைத் திருவிழா வந்தது. அம்மன் லொறியில் ஏறினாள். முன் சீட்டில் மாமா, நடுவில் நான், கதவோரம் அக்கா. முகத்தில் வீக்கம் வற்றி, கன்னத்தில் கறுப்புத் தழும்புகள் மட்டும் மிச்சம். கல்லடியில் கூட்டம் திரண்டிருந்தது. சூடம் காட்டிவிட்டு மாமா லொறியை எடுத்தார்.

லொறி குலுங்கியது.

கூட்டம் கத்தியது, மேளம் முழங்கியது, மணி அடித்தது. நான் குனிந்து பார்த்தேன். மாமாவின் இடது கால் கிளட்ச்சை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தது. மிதித்து, விட்டு, மிதித்து, விட்டு. முகமோ கண்ணை மூடிப் பரவசத்தில் இருந்தது. புது இரும்பையும் குலுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

அக்கா கதவைத் திறந்தாள். நகர்ந்துகொண்டிருந்த லொறியிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் நடந்தாள். கூட்டம் ஒரு விநாடி திகைத்தது. பிறகு யாரோ ஒருத்தி, "ஆத்தா அழகம்மா மேல எறங்கிட்டா!" என்று கூவினாள். குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை அவள் காலில் ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். அவள் அதைக் கீழே போட்டாள், அதையும் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கோயிலுக்குப் போகிற திருப்பத்தில் அவள் கோயிலுக்குப் போகவில்லை. நேராக லயத்து வரிசைக்கு, என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே ஓடி வந்து ஈரச் சேலையை மாற்றக் கொடுத்து, பிளேன் டீ போட்டுக் கொடுத்தேன்.

பொழுது சாய மாமா வந்தார். தலையில் பரிவட்டம் இருந்தது. வாசலில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரித்தான் தொடங்கினார்.

"அழகு, நாளைக்கு மஞ்ச நீராட்டு. அம்மனத் திரும்பக் கீழ கொண்டு போறோம். பூசாரி கேக்குறாரு. நாளைக்கும் அந்த எடத்துல எறங்கி நடப்பியா?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை நான் போட்டேன்.